முக்கால்குறிச்சியின் கடைவாய்க்கால்

பிரமசக்தியின் மேல்வாயில், வலதுபக்கக் கடைவாய்ப்பல்லிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பல் டாக்டர் ஜெபக்கனியின் கிளினிக் என் பாத்திரக்கடைக்கு நேர் எதிரே, மாடியில். அங்கே வேலை பார்க்கிற நர்ஸம்மா படியிறங்கி ஓடிவந்து, "அண்ணாச்சி, ஒரு குடம் எடுங்க, சீக்கிரம்" என்றார், எவர்சில்வரா பிளாஸ்டிக்கா என்று கேட்டேன், "எந்த எழவா இருந்தாலும் சரி, பெருசாக் குடுங்க" என்றார், வாங்கிக்கொண்டு போனவர் ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்து இன்னொன்று கேட்டார்.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் வாய்க்காலைக் கால் என்றுதான் சொல்வோம்; மேலக்கால், நடுக்கால், கீழக்கால் என்று ஆற்றிலிருந்து மூன்று கால் பிரிந்து வருவதால் ஊருக்கு முக்கால்குறிச்சி என்று பெயர். பக்கத்து ஊர்க்காரனுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியதில்லை, நாங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலே போதும், "முக்கால் வந்துட்டாவ, மீதிக் கால் எங்க அண்ணாச்சி?" என்று ஆரம்பித்துவிடுவான், பஸ்ஸே சிரிக்கும், நாங்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்போம். மூன்று கால் இருந்து என்ன, மாசி முடிந்தால் மூன்றிலும் மண்தான், மேலே இருக்கிறவன் பாய்ச்சி மிஞ்சினால்தான் கடைசியில் கிடக்கிற எங்களுக்கு. கோடை முழுக்க வாழை தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும், லாரி வந்தால் சண்டை வரும், சண்டை முடிவதற்குள் லாரி போய்விடும்.

பிரமசக்தி வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிறவள். நாற்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, ஆனால் வாய் என்றால் அப்படி ஒரு வாய்! மேடையில் ஏறி நின்று "கோழிக்கூடு தாரு, எவன் கேக்கான்?" என்று அவள் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார். கல்யாண வீடு, கோயில் கொடை, பஞ்சாயத்துக் கூட்டம், எங்கே போனாலும் "ஏ பிரமசக்தி, கொஞ்சம் வாயை மூடு தாயி" என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை, நானே சொல்லியிருக்கிறேன். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. மற்ற மண்டிகளில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்றதும் ஏலம் முடிந்துபோகும், இவள் மூணு தரம் சொன்ன பிறகும் ஒரு மூச்சு நிறுத்துவாள், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், "வேற யாரு?" என்பாள், தூணுக்குப் பின்னால் பதுங்கி நிற்கிற நாலாவது ஆள் அப்போதுதான் கையைத் தூக்குவான். "மூணைப் பாத்ததும் முடிஞ்சிச்சுன்னு இறங்குறவன்லாம் ஏலக்காரனா?" என்பாள்.

அந்தப் பல் இரண்டு வருஷமாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. டவுனில் போய் ரூட் கேனால் செய்து, மூன்று கால்வாயையும் அடைத்து, பல்லுக்குமேல் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தாள், வலி மட்டும் போகவில்லை. ரெண்டு தரம் என்று சொல்லும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள், வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், கடைசியில் மண்டி முதலாளி, "ஆடி ஒண்ணு வரைக்கும் பாக்கேன், அதுக்குள்ள சரியாவலேன்னா மேடைக்கு வேற ஆளு" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அவள் ஜெபக்கனியிடம் போனாள். "பல்லைப் பிடுங்கிரலாம்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர். ஓட்டைப் பல்லோட ஏலம் கூறினா காத்துதான் வரும். அந்த மேடை இல்லேன்னா நான் எதுக்கு இருக்கணும்?" என்று கேட்டு அழுதாளாம். அவள் அழுது ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஜெபக்கனிக்கு முப்பது வயது இருக்கும், பேச்சு குறைவு, வேலை செய்யும்போது குட்டிக் குட்டியாக இரண்டு குழாய் வைத்த கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்வார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, மேல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூணு. கன்னத்துப் பக்கம் ரெண்டு, அண்ணத்துப் பக்கம் ஒண்ணு. டவுன்ல மூணையும் நல்லாத்தான் அடைச்சிருக்காங்க, குறை சொல்ல முடியாது. ஆனா கன்னத்துப் பக்கம் முன்னால நிக்குது பாருங்க, இந்த வேரு, இது கள்ள வேரு. இதுக்குள்ள ரெண்டாவதா ஒரு கால்வாய் ஒளிஞ்சு கிடக்கும். வாசல்ல பல்லே மூடி போட்டு மறைச்சிருக்கும். நிறையப் பேருக்கு உண்டு, தேடினாத்தான் கிடைக்கும்."

"தேடுவீங்களா?"

"மூணைப் பாத்ததும் நிறுத்துற ஆள் இல்ல நான்."

அந்த ஒரு வார்த்தையில் பிரமசக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், இனி யமனே வந்து நின்றாலும் இந்த டாக்டரை விட்டு வேறு ஆளிடம் வாயைத் திறக்கமாட்டேன் என்று என் கடையில் வந்து சொன்னாள்.

ஜெபக்கனியிடம் இன்னொரு நல்ல பழக்கம், சீட்டைத் தமிழில் எழுதுவார், தன் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று நோயாளி தானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார். பிரமசக்தியின் சீட்டில் இப்படி எழுதியிருந்தது: 'மேல் வலது கடைவாய்க்கால் நான்கு. மூன்று சீராக உள்ளன. நான்காவது தூர்ந்து மறைந்துள்ளது. கடைசிவரை தூர்வாரினால் ஒழிய குணமில்லை.' கடைவாய்ப்பல்லின் கால் என்று டாக்டர் எழுதினார், சரிதானே? அந்தச் சீட்டை மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டாள். அதே கவரில், மறுவாரம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கொடுப்பதற்காக, ஊர்த் தண்ணீர் பற்றி நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவும் இருந்தது, வாய் உள்ள ஆள் என்று அவளைத்தான் அனுப்பினோம். வரிசையில் நின்று, வலி தாங்காமல் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள், முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். திரும்பிவரும் பஸ்ஸில் கவரைத் திறந்தால் மனு அப்படியே இருக்கிறது, டாக்டர் சீட்டைக் காணோம். "போய்த் தொலையுது, அடுத்த வாரம் குடுத்துக்கிடலாம்" என்று எங்களிடம் சொன்னாள்.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, பழைய தொப்பியைக் கழற்றி, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட்டை இழுத்துக் கட்டினார் டாக்டர், அதற்கு அவர்கள் வழக்கில் டேம் என்று பெயராம். (டேம் கட்டினால் தண்ணீர் வராமல் வேறென்ன வரும் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள்.) நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டார், சாயம் பல்லின் தரையில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடாக ஓடி ஓரிடத்தில் நின்றது, அந்த இடத்தில் பல் போட்டு வைத்திருந்த மூடியைத் துளித்துளியாகச் சுரண்டினார், இருக்கிறதிலேயே மெல்லிய கம்பியை எடுத்து உள்ளே விட்டார். வேர் முடிந்தால் கீச்சென்று கத்துகிற ஒரு மிஷின் உண்டு. இருபது மில்லிமீட்டர் போயிற்று, கத்தவில்லை, இருபத்தைந்து போயிற்று, கம்பி கைப்பிடிவரைக்கும் இறங்கிவிட்டது, மிஷின் வாயே திறக்கவில்லை. கம்பியை வெளியே எடுத்தார், பின்னாலேயே தண்ணீர் வந்தது, முதலில் நூல் கனத்தில், பிறகு விளக்குத்திரி கனத்தில், சில்லென்று, மணல் வாசனையோடு. ஜெபக்கனி விரலில் தொட்டுப் பார்த்து, "எச்சில் இல்ல, ஆத்துத் தண்ணி" என்று புதுச் சீட்டில் எழுதினார், பிறகுதான் நர்ஸம்மாவை என் கடைக்கு அனுப்பினார்.

ரப்பரைக் கழற்றியதும் பிரமசக்தியிடம், "வலி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார்.

"முக்கால்வாசி போயிட்டு டாக்டர். மீதி கால் நிக்கி."

அன்று சாயங்காலத்துக்குள் என் கடையில் குடமே இல்லை, மறுநாள் லாரிக்காரன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். அவள் வீட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, தலையை வலப்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, பல்லிலிருந்து ஒரு மெல்லிய குழாயை இழுத்துக் குடத்தில் விட்டோம், கீழத்தெருவுக்குக் காலை, மேலத்தெருவுக்கு மத்தியானம், கடைவீதிக்குச் சாயங்காலம் என்று முறை வைத்தோம். தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது, ஒரு நாள் அயிரைமீன் ஒன்றும் வந்தது, அதைப் போட்டுவைத்த பாட்டிலைப் பார்க்கவே ஒரு கூட்டம். சோறு இந்தத் தண்ணீரில்தான் பூவாய் வேகுது என்றார்கள், ஒருத்தி தன் மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு குடம் கூடுதலாகக் கேட்டாள், வரிசையில் சண்டை வந்தது, சண்டை வந்ததும் இது நம்ம ஊர்த் தண்ணீர்தான் என்று எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு வாரம் போனால் யாரும் பிரமசக்தியின் முகத்தைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தார்கள். வாய் நிறையத் தண்ணீரோடு அவள் என்ன பேசுவாள், எப்படி ஏலம் கூறுவாள்? மண்டியில் வேறொரு ஆள் நின்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்.

ஜெபக்கனி தினமும் வந்தார். மெல்லிய காகிதக் குச்சி ஒன்றை அந்தக் கால்வாயில் விட்டு எடுப்பார், குச்சி சொட்டச் சொட்ட வரும், உதட்டைக் கடித்துக்கொள்வார். "ஈரம் இருக்கிற கால்வாயை அடைக்கக் கூடாதுக்கா. குச்சி காஞ்சு வந்தாத்தான் அடைக்கலாம். பல்லுல இப்பவே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரியுது. இப்படியே திறந்து கிடந்தா பிளந்துரும், பிளந்தா பிடுங்கத்தான் வேணும்" என்று அவளிடம் சொன்னார், எங்களிடமும் சொன்னார். நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

ஆனி பிறந்து நாலாம் நாள் வாய்க்கால் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார், கையில் முத்திரை குத்திய டாக்டர் சீட்டு. "கடைவாய்க்கால் நாலுன்னு மனு குடுத்திருக்கீங்க. கடைசி வாய்க்கால், தூர்ந்து மறைஞ்சிட்டுன்னு. எங்கய்யா அது?" என்றார். அவர் அதை எப்படிப் படித்தார் என்று புரிகிறதா? கடைவாய்ப்பல்லின் கால் அவருக்குக் கடைசி வாய்க்காலாகிவிட்டது. நாங்கள் ஒருவரும் திருத்தவில்லை, நேரே வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனோம். பிரமசக்தி வாயைத் திறந்தாள், அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார், விரலை நனைத்து நாக்கில் வைத்தார், நோட்டில் குறித்துக்கொண்டார். "தண்ணி நல்லாருக்கு. ஆனா நான் தேடி வந்த வாய்க்கால் இது இல்லையே" என்று துணியில் ஒட்டிய பழைய படம் ஒன்றை ஜீப் முகப்பில் விரித்தார்.

படத்தில் நாலு கோடு இருந்தது. நாலாவது கோடு நடுக்காலுக்குப் பக்கத்திலேயே பிறந்து, இரண்டு வளைவு வளைந்து, நேரே எங்கள் கடைவீதி வழியாகப் போனது. அதன்மேல் பொடி எழுத்தில் 'கடைவாய்க்கால்' என்று எழுதியிருந்தது. அங்கே இப்போது இருப்பது எல்லாமே கடைதான்: டீக்கடை, ஜவுளிக்கடை, என் பாத்திரக்கடை, பஞ்சாயத்துத் தலைவர் அணைஞ்சபெருமாள் அண்ணாச்சியின் இரும்புக்கடை. வாய்க்காலில் முதல் கூடை மண்ணைப் போட்டது என் அப்பா, இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, ஆனால் யாருக்கும் தெரியாமலும் இல்லை.

"இதைத் தோண்டித் திறங்க, இல்லேன்னா அந்த அம்மா வாயிலேயே ஓடட்டும். ஊர் முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

ஊர் அரைமணி நேரத்தில் முடிவு பண்ணியது. கை தூக்கச் சொன்னார்கள், அவள் வாயிலேயே ஓடட்டும் என்று எல்லாக் கையும் உயர்ந்தது, என் கையும்தான். தலைவர் அண்ணாச்சி வேப்பமரத்தடிக்கு வந்து, குரலில் வெண்ணெயைத் தடவிக்கொண்டு, "ஊருக்காகத்தானே தாயி, கொஞ்சம் பொறுத்துக்கோ. மேடை இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு. உன் பேரை ஆர்ச்சுல போட்டுருவோம்" என்றார்.

பிரமசக்தி குழாயைப் பிடுங்கி எறிந்தாள், வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினாள். "கடை உங்களுக்கு, வலி எனக்கா? பிறந்ததுலேர்ந்து வாயை மூடு, வாயை மூடுன்னீங்க. இந்தா, மூடிட்டேன். இனி நீங்களே திறன்னு வந்து நிப்பீங்க" என்றாள்.

ஜெபக்கனி அந்தக் கால்வாய் வாசலில் மருந்துப் பஞ்சு வைத்து, "இதைக் கடிச்சுக்கோங்க. தாங்க முடியலேன்னா எடுத்துருங்க, தப்பில்ல. முடிவு உங்களுதுக்கா" என்றார், பிரமசக்தி டக்கென்று பல்லைக் கடித்தாள். மூன்று நாள் அந்த வாய் திறக்கவில்லை. முதல் நாள் ஊர் சிரித்தது, அவளாவது வாயை மூடுவதாவது, சாயங்காலத்துக்குள் திறந்துவிடுவாள் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள். இரண்டாம் நாள் குடங்கள் காலியாகி, லாரிக்காரனுக்குப் போன் போட்டால் அவன் எடுக்கவில்லை. அவள் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிற்று, இடதுபக்க இடுக்கில் ஸ்ட்ரா விட்டுக் கஞ்சி குடித்தாள், டாக்டர் கிளினிக்கைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தலைவர் அண்ணாச்சி வாசலில் நின்று, "வாயைத் திற தாயி, உன் காலைப் பிடிக்கேன்" என்றார். அவள் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை நான் கடை ஷட்டரைத் தூக்கினேன், என் குடங்கள் எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றோடொன்று இடித்து டிங் டிங் என்று சத்தம், கணுக்கால் அளவு தண்ணீர், சில்லென்று, மணல் வாசனையோடு. எனக்கு முந்திய டீக்கடையில் பாய்லருக்கு அடியில் ஊற்று, பிந்திய ஜவுளிக்கடையில் சேலைக்கட்டெல்லாம் நனைந்து சாயம் கலந்து ஓடுகிறது, அண்ணாச்சி கடையில் அறுபது மூட்டை சிமெண்ட் ராவோடு ராவாகக் குடித்துக் கல்லாகிவிட்டது. தண்ணீர் கண்டபடி வரவில்லை, படத்தில் பார்த்த அதே கோட்டில், அதே இரண்டு வளைவு வளைந்து, கடை கடையாக எழும்பியிருந்தது. என் கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு அயிரைமீன் நின்று வாலை ஆட்டியது.

தெருவில் எல்லோரும் நின்றோம். அவள் வீங்கின முகம் என் கண்ணிலேயே நின்றது, நான் தூக்கிய கையும் ஞாபகம் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து என் கடைத் தரையில் முதல் குத்து நான்தான் குத்தினேன், என் அப்பா போட்ட மண்ணை நான்தானே எடுக்க வேண்டும். பிறகு டீக்கடைக்காரர் குத்தினார், பிறகு ஜவுளிக்கடைக்காரர், கடைசியாக அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கல்லான சிமெண்டையே உடைக்க ஆரம்பித்தார். பதினோரு நாள் தோண்டினோம், அதிகாரி அளவுநாடாவோடு வந்து நின்றார், எல்லாக் கடையும் பத்தடி பின்வாங்கியது, கடைவாய்க்கால் கடைவீதி வழியாக ஓடி மண்டியின் பின்சுவரை ஒட்டிப் போனது. என் கடை பாதியாகிவிட்டது, ஆனால் வியாபாரம் ஒன்றும் குறையவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஜெபக்கனி பஞ்சை எடுத்து, ரப்பர் டேமைக் கட்டி, மெல்லிய கம்பியை உள்ளே விட்டார், இருபத்தொன்றாவது மில்லிமீட்டரில் மிஷின் கீச்சென்று கத்தியது, படிக்கட்டு முழுக்க உட்கார்ந்திருந்த நாங்கள் கை தட்டினோம். காகிதக் குச்சியை விட்டு எடுத்தார், கண்ணாடிக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெள்ளையாக, மொடமொடவென்று காய்ந்து வந்திருந்தது. நாலையும் அடைத்து, விரிசல் ஓடாதபடி புதுத் தொப்பி போட்டு, சீட்டில், 'கடைவாய்க்கால் நான்காவது கண்டறிந்து, கடைசிவரை தூர்வாரப்பட்டது. பணி முடிந்தது' என்று எழுதினார். அதே நேரத்தில் கீழே ஜீப்பில் உட்கார்ந்து அதிகாரியும் தன் நோட்டில் ஒரு எழுத்துப் பிசகாமல் அதையேதான் எழுதினார், இரண்டையும் நான் என் கண்ணால் படித்தேன்.

ஆடி ஒன்றாம் தேதி மண்டியில் கால் வைக்க இடமில்லை. பிரமசக்தி வலது கடைவாயில் ஒரு சீடையைப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி நொறுக்கிவிட்டு மேடையில் ஏறினாள். பக்கத்து ஊர் வியாபாரி ஒருவன், பழக்கதோஷம், "என்னக்கா, முக்கால் வந்துட்டு, மீதிக் கால் எங்க?" என்றான். அவள் வாயைத் திறந்து தொப்பி போட்ட பல்லைத் தொட்டுக் காட்டினாள், பிறகு அதே விரலை மண்டியின் பின்சுவரைப் பார்த்து நீட்டினாள், அவன் உட்கார்ந்துவிட்டான்.

முதல் தார் வந்தது. ஒரு தரம் என்றாள், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் திரும்பிப் பார்த்திருப்பார். ரெண்டு தரம் என்றாள், அவள் கை கன்னத்துக்குப் போகவில்லை, மேடைக்குக் கீழே நின்ற ஜெபக்கனி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூணு தரம் என்றாள், ஒரு மூச்சு நிறுத்தினாள், தலையைச் சாய்த்தாள், அந்த ஒரு மூச்சில் சுவருக்குப் பின்னால் மீதிக் கால் ஓடுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"வேற யாரு?" என்றாள் பிரமசக்தி, வாய் நிறைய.